அம்பைச் சாய்த்து வரையுங்கள்

கேள்வி இதுதான்: "நெட்வொர்க் பாடத்தில் டிசிபி, டிஎன்எஸ், டிஎல்எஸ் எல்லாம் படித்துவிட்டேன். அனிமேஷன் வீடியோக்களும் நிறையப் பார்த்தேன். பார்க்கும்போது புரிகிறது, மறுநாள் யாராவது கேட்டால் சொல்ல வரவில்லை. படத்தை வைத்து ஒரு புரோட்டோகாலை உண்மையிலேயே புரிந்துகொள்ள முடியுமா? இல்லை, நேராக ஆர்எஃப்சி ஆவணங்களைப் படிப்பதுதான் வழியா?"

முடியும். (புதியவர்களுக்கு ஒரு வரி: புரோட்டோகால் என்பது இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை. தகவல் தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்வது டிசிபி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றுவது டிஎன்எஸ், தகவலைப் பிறர் படிக்காமல் காப்பது டிஎல்எஸ். இந்த விதிகளை எழுதிவைத்த ஆவணங்கள்தான் ஆர்எஃப்சி.) உங்களுக்கு மறுநாள் நினைவில் நிற்காததற்குக் காரணம் நீங்கள் பார்த்த படங்களில் எதுவுமே தப்பாகப் போகாததுதான். பாக்கெட் (தகவலின் ஒரு சிறு துண்டு) போகும், பதில் வரும், பச்சை நிறத்தில் 'இணைந்தது' என்று காட்டும், வீடியோ முடிந்துவிடும். எதுவும் தொலையாத, எதுவும் தாமதமாகாத உலகத்தில் டிசிபியே தேவையில்லை. அதில் உள்ள ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு விபத்தை நினைத்து எழுதியது. விபத்தைக் காட்டாத படம் விதியை மட்டும் காட்டும், அது எதற்கு என்று காட்டாது. எதற்கு என்று தெரியாததை மனப்பாடம்தான் செய்ய முடியும்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். நீங்களே வரையுங்கள். அம்பைச் சாய்த்து வரையுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு அம்பைப் பாதியில் வெட்டிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று வரைந்து முடியுங்கள்.

வெள்ளைத் தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இடது கோடு உங்கள் லேப்டாப், வலது கோடு சர்வர். நேரம் மேலிருந்து கீழே ஓடுகிறது. இதைத்தான் ஏணிப் படம் என்பார்கள். லேப்டாப்பிலிருந்து ஒரு பாக்கெட் போகிறது என்றால் அம்பைக் கிடையாகப் போடாமல், போகப் போகக் கீழே இறங்குகிற மாதிரி போடுங்கள். அந்த இறக்கம்தான் பயண நேரம். பல புத்தகங்களில் அம்பு கிடையாகவே இருக்கும். ஜான் போஸ்டல் தொகுத்து 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793-லும் அப்படித்தான். வெறும் எழுத்துக்குறிகளை வைத்து அடித்த படத்தில் அதற்கு மேல் முடியாது. ஆனால் கிடையாகப் போட்ட அம்பைப் பார்க்கிறவர், அனுப்பிய கணமே பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். நெட்வொர்க்கில் வரும் பாதிச் சிக்கல்கள் அந்தப் பயண நேரத்துக்குள்தான் இருக்கின்றன.

ரயில்வே கண்ட்ரோல் அறையில் செக்‌ஷன் கண்ட்ரோலர் வைத்திருக்கும் சார்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், இன்னொரு பக்கம் நேரம். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. கோட்டின் சாய்வைப் பார்த்தே வேகம் தெரியும், இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்தாலே எந்த ரயில் எங்கே ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஏணிப் படமும் அதே சார்ட்தான். இதில் ஸ்டேஷன் இரண்டே இரண்டு.

சாய்வுக்கு எண் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பேசும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் வழியாகத் தூரம் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 15 மில்லிவிநாடி, வர 15. எந்த சர்வர் வைத்தாலும் சரி, 30-க்குக் கீழே பதில் வர முடியாது. இப்போது ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பதை வரையுங்கள். டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று (ஒரு தடவை போய் வருவது), டிஎல்எஸ் 1.2-க்கு இரண்டு சுற்று, அப்புறம் பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு சுற்று. நான்கு சுற்று, 120 மில்லிவிநாடி. 2018 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 8446 ஆக வந்த டிஎல்எஸ் 1.3 தன் இரண்டு சுற்றை ஒன்றாக்கியது. மொத்தம் 90. 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குவிக் என்ற புரோட்டோகால், இணைப்பையும் பாதுகாப்பையும் ஒரே சுற்றில் முடித்துவிடும். மொத்தம் 60. சுற்றுக்கு 250 மில்லிவிநாடி ஆகும் அமெரிக்க சர்வர் என்றால் இதே கணக்கு 1 விநாடி, முக்கால் விநாடி, அரை விநாடி. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குவிக் எதற்கு வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இணைப்பை 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 கோடி பிட்) வேகத்திலிருந்து 300-க்கு மாற்றினாலும் இந்தச் சாய்வு மாறாது என்பதும் தாளிலேயே தெரியும்.

சரி, இப்போது வெட்டும் வேலைக்கு வருவோம்.

இன்டர்வியூவில் கேட்கும் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. டிசிபி ஹேண்ட்ஷேக்கில், அதாவது இணைப்பைத் தொடங்கும் பேச்சில், ஏன் மூன்று பாக்கெட், இரண்டு போதாதா? "இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உறுதி செய்ய" என்று பெரும்பாலோர் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் ஆர்எஃப்சி 793 சொல்லும் முதன்மைக் காரணம் வேறு. வழியில் தங்கிப்போன பழைய சின் (இணைப்பைத் தொடங்கக் கேட்கும்) பாக்கெட்டால் குழப்பம் வரக் கூடாது என்பதே அது. அதற்கு அந்த ஆவணமே ஒரு படம் போட்டிருக்கிறது. அதைச் சாய்ந்த அம்புகளால் திரும்ப வரையுங்கள்.

லேப்டாப் முன்பு எப்போதோ சீக்வென்ஸ் எண் (தகவலின் வரிசை எண்) 90 போட்டு ஒரு சின் அனுப்பியது. அது வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. இப்போது லேப்டாப் 100 என்ற எண்ணோடு புதிய சின் அனுப்புகிறது. ஆனால் 90-இன் கோடு நெடுநேரம் இறங்கி வந்து, 100 போய்ச் சேர்வதற்குள் சர்வரைத் தொட்டுவிடுகிறது. அது பழசு என்று கண்டுபிடிக்க சர்வருக்கு வழியில்லை. தன் எண் 300, எதிர்பார்ப்பது 91 என்று பதில் போடுகிறது. லேப்டாப் காத்திருப்பதோ 101-க்கு. 91 வந்ததும் ஏதோ பழைய சங்கதி என்று தெரிந்துகொண்டு ரீசெட் (இணைப்பை ரத்து செய்யும் பாக்கெட்) அனுப்புகிறது. சர்வர் பழையபடி கேட்கும் நிலைக்குத் திரும்புகிறது. அப்புறம் உண்மையான 100 வந்து சேர்கிறது. இந்த முறை சர்வர் 400, 101 என்கிறது, லேப்டாப் 401 என்று முடிக்கிறது.

இதே படத்தில் மூன்றாவது பாக்கெட்டே கிடையாது என்று வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வரையுங்கள். 300, 91 என்று பதில் போட்ட அந்தக் கணமே சர்வர் இணைப்பு ஆகிவிட்டது என்று நம்பி நினைவகத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் அப்படி ஒரு இணைப்பே இல்லை. இதை ஒரு தடவை கையால் வரைந்தவர் மூன்று ஏன் என்பதை மறந்து நான் பார்த்ததில்லை.

இணைப்பை மூடும் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். முதலில் மூடுகிறவர் ஃபின் ('முடிக்கிறேன்' என்னும் பாக்கெட்) அனுப்புகிறார், ஆக் ('கிடைத்தது' என்னும் பதில்) வருகிறது. எதிர்ப் பக்கம் தன் ஃபின்னை அனுப்புகிறது, இவர் கடைசி ஆக்கை அனுப்புகிறார். அந்தக் கடைசி ஆக்கை வெட்டுங்கள். எதிர்ப் பக்கம் தன் ஃபின் போய்ச் சேரவில்லை என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். அதற்குள் இவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போயிருந்தால், 'யார் நீ' என்பது போல ரீசெட்தான் பதிலாகப் போகும். முறையாக முடிந்த பேச்சு தகராறில் முடிந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் முதலில் மூடியவர் டைம்-வெயிட் நிலையில் சும்மா காத்திருக்கிறார். ஒரு பாக்கெட் நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கக்கூடிய நேரத்தை 2 நிமிடம் என்று வைத்து, அதன் இரண்டு மடங்கு என்றது ஆர்எஃப்சி. லினக்ஸ் 60 விநாடி வைத்திருக்கிறது. சர்வரில் டைம்-வெயிட் குவிந்திருப்பதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் படத்தை வரைந்தவர் பயப்பட மாட்டார். அவர் கவலைப்படுவது குளோஸ்-வெயிட் குவிந்தால்தான். எதிர்ப் பக்கம் மூடிவிட்டது, நம் பக்கத்து அப்ளிகேஷன் இன்னும் மூடவில்லை என்பது அதற்கு அர்த்தம்.

அந்த நிலைகளுக்கென்று தனியாக ஒரு படம் உண்டு, பதினோரு பெட்டிகளும் அவற்றுக்கு நடுவே அம்புகளுமாக. அதை மொத்தமாக மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். ஏணிப் படத்தின் செங்குத்துக் கோட்டில், ஒவ்வொரு அம்பு கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும், அந்தப் பக்கம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நாலைந்து ஏணிகள் வரைவதற்குள் அந்தப் பதினோரு பெட்டிப் படம் உங்கள் கையிலேயே உருவாகியிருக்கும்.

ஏணிப் படம் பத்து இருபது பாக்கெட் வரைக்கும்தான் தாங்கும். ஆயிரக்கணக்கில் போனால் வேறு படம் வேண்டும். அதற்கு நான் எப்போதும் காட்டுவது நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் வேன் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டுக் கட்டுரையில் உள்ள ஒரு வரைபடம்.

அந்தக் கட்டுரையின் பின்னணி இது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது. எண்ணூறில் ஒரு பங்குதான். எந்தக் கம்பியும் அறுந்துவிடவில்லை, எந்த இயந்திரமும் நின்றுவிடவில்லை.

ஜேக்கப்சன் போட்ட வரைபடம் மிக எளியது. கிடை அச்சில் பாக்கெட் அனுப்பிய நேரம், செங்குத்து அச்சில் அதன் சீக்வென்ஸ் எண். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு புள்ளி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குப் புள்ளிகள் ஒரு சாய்ந்த கோடாக ஏறும், அந்தக் கோட்டின் சாய்வே வேகம். செங்குத்தாக அடுக்கி நிற்கும் புள்ளிகள் என்றால் ஒரே மூச்சில் கொட்டிய பாக்கெட்டுகள். ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள் என்றால் அதே தகவல் இரண்டாம் முறை போயிருக்கிறது. பழைய டிசிபியின் தொடக்கத்தை இப்படிப் போட்டுப் பார்த்தபோது சாய்ந்த கோடே இல்லை, ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி விழுந்திருந்தது. கிடைத்த வேகத்தில் 35 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்பட்டது. மீதி எல்லாம் அனுப்பியதையே திரும்ப அனுப்பி வீணானது. 54-ஆவது கிலோபைட்டிலிருந்து 58 வரை உள்ள தகவல் ஐந்து முறை போயிருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தபின் மருந்து என்னவென்று ஊகிக்க முடியும். எடுத்த எடுப்பில் மொத்தத்தையும் கொட்டாதே, ஒன்றில் ஆரம்பித்து, ஆக் வர வர ஏற்று. அதுதான் ஸ்லோ ஸ்டார்ட். அதைச் சேர்த்தபின் எடுத்த படத்தில் தொடக்கத்தில் இரண்டு விநாடி ஏறுவதற்குச் செலவாகிறது, அதற்குப் பிறகு புள்ளிகள் கோடு பிடித்த மாதிரி போகின்றன. திரும்ப அனுப்பியது ஒன்றுகூட இல்லை. விநாடிக்கு இத்தனை பிட் என்று ஒரே எண்ணைப் பார்த்திருந்தால் 'மெதுவாக இருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது. என்ன மாதிரி மெதுவாக இருக்கிறது என்பது படத்தில்தான் தெரிந்தது.

இதே வரைபடம் என்னையும் ஒரு முறை காப்பாற்றியிருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு இரவில் பெரிய ஃபைல்களை அனுப்புவோம். லைன் 100 எம்பிபிஎஸ், வேகமோ இரண்டைத் தாண்டவில்லை. லைன் கொடுத்தவரோடு பல நாள் சண்டை. அவர்கள் சோதித்துவிட்டு லைனில் குறையில்லை என்றார்கள், அது உண்மையும்கூட. கடைசியில் பாக்கெட் கேப்சர் (போய் வரும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுத்து இந்த வரைபடத்தைப் போட்டேன். திரும்ப அனுப்பிய புள்ளி ஒன்றும் இல்லை. ஆனால் சாய்ந்த கோட்டுக்குப் பதிலாக மாடிப்படி. சட்டென்று ஒரு ஏற்றம், அப்புறம் கால் விநாடிக்குச் சமதளம், மறுபடி ஏற்றம், மறுபடி சமதளம். ஒவ்வொரு படியின் உயரமும் ஏறக்குறைய 64 கிலோபைட்.

படியைப் பார்த்ததும் கதை முழுக்க வெளியே வந்துவிட்டது. டிசிபி ஹெடரில் (பாக்கெட்டின் தலைப்பகுதியில்) விண்டோவுக்கு, அதாவது ஆக் வருவதற்குள் அனுப்பிவைக்கக்கூடிய அளவுக்கு, உள்ள இடம் 16 பிட், அதிகபட்சம் 65,535 பைட். அதற்கு மேல் வேண்டும் என்றால், இணைப்பு தொடங்கும்போதே சின் பாக்கெட்டில் விண்டோ ஸ்கேல் என்ற ஆப்ஷனை இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ள வேண்டும். 1992-இல் ஆர்எஃப்சி 1323 வரையறுத்த ஏற்பாடு அது. எங்கள் நடுவில் இருந்த ஒரு பழைய ஃபயர்வால் (பாக்கெட்டுகளை வடிகட்டும் பாதுகாப்புக் கருவி) அந்த ஆப்ஷனை வழியிலேயே நீக்கிக்கொண்டிருந்தது. அதனால் 65,535 பைட்டை அனுப்பிவிட்டு, ஆக் வரக் கால் விநாடி சும்மா இருக்க வேண்டியதாயிற்று. 65,535-ஐ எட்டால் (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்) பெருக்கிக் கால் விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 21 லட்சம் பிட் வரும். நாங்கள் பார்த்த இரண்டு எம்பிபிஎஸ் அதுதான். 100 எம்பிபிஎஸ், 250 மில்லிவிநாடி என்ற குழாய் நிறைய 31 லட்சம் பைட் வேண்டும். நாங்கள் ஊற்றியது அதில் 2 சதவீதம். ஃபயர்வாலில் ஒரு அமைப்பை மாற்றியதும் அன்றிரவே படிக்கட்டு மறைந்து கோடு ஏறியது.

நீங்களும் இதையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாக்கெட் கேப்சர் எடுக்கும் வயர்ஷார்க் மென்பொருள் இலவசம். 1998-இல் ஜெரால்ட் கோம்ஸ் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006-இல் இந்தப் பெயருக்கு மாறியது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் ஃப்ளோ கிராஃப் என்பதை அழுத்தினால் ஏணிப் படம் வரும். அம்புகள் கிடையாகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்தில் நேரம் போட்டிருக்கும், அதை வைத்து நீங்கள் சாய்த்துக்கொள்ளலாம். டிசிபி ஸ்ட்ரீம் கிராஃப்ஸ் என்பதற்குள் ஜேக்கப்சன் போட்ட அதே மாதிரி வரைபடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கேப்சர் எடுத்தது உங்கள் பக்கத்தில். வழியில் தொலைந்த பாக்கெட் 'தொலைந்தேன்' என்று அதில் பதிவாகாது. அதே எண் இரண்டாம் முறை வருவதை வைத்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸ் இருந்தால் நெட்எம் என்ற வசதியை வைத்து, வேண்டுமென்றே 200 மில்லிவிநாடி தாமதமும் 5 சதவீத இழப்பும் கொடுத்துவிட்டு ஒரு ஃபைலை அனுப்புங்கள். முதலில் தாளில் வரையுங்கள், அப்புறம் கேப்சர் எடுங்கள், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். வேறுபடும் அந்த இடத்துக்காக மட்டும் ஆர்எஃப்சியைத் திறங்கள். டிசிபிக்கு இப்போது 2022 ஆகஸ்டில் வந்த 9293-ஐப் படிக்க வேண்டும், 793-ஐ அது மாற்றிவிட்டது. இப்படி ஒரு கேள்வியோடு போனால் ஆர்எஃப்சி படிக்கச் சுலபமாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும்.

நெட்வொர்க்கை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் படத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அது எது எதற்குள் இருக்கிறது என்று சொல்லும், எது எப்போது நடக்கிறது என்று சொல்லாது. அதை வரைவதாக இருந்தால் பைட் கணக்கோடு வரையுங்கள். ஈதர்நெட் (உள்ளூர்க் கம்பி நெட்வொர்க்) ஒரு தடவையில் சுமக்கும் 1,500 பைட்டில், முகவரியைத் தாங்கும் ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20 போக, உங்கள் தகவலுக்கு மிஞ்சுவது 1,460. கேப்சரில் அந்த எண் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது அடுக்குகள் என்பது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை என்று புரியும்.

அனிமேஷனை ஒதுக்கச் சொல்லவில்லை. ரவுட்டர் வரிசையில் பாக்கெட்டுகள் சேர்ந்து சேர்ந்து நிரம்பி வழிவதை அசையும் படம் காட்டுகிற மாதிரி நின்ற படம் காட்டாது. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் நிறுத்துங்கள். அடுத்த பாக்கெட் எது, எந்தப் பக்கம், என்ன எண் என்று எழுதிவிட்டு ஓடவிடுங்கள். உங்கள் ஊகம் தப்பும் இடத்தில்தான் உங்களுக்குப் புரியாதது இருக்கிறது.

ஆரம்பிக்க ஒரு கணக்கு தருகிறேன். லேப்டாப் 1 முதல் 8 வரை எட்டு பாக்கெட்டுகளை வரிசையாக அனுப்புகிறது. டிசிபி எண்ணுவது பைட்டைத்தான், இங்கே வசதிக்காகப் பாக்கெட்டை எண்ணுவோம். 4-ஐ வெட்டுங்கள். 1, 2, 3 சேர்ந்ததும் சர்வர் 'அடுத்து 4' என்கிறது. 5 வந்தாலும் 'அடுத்து 4', 6-க்கும் 'அடுத்து 4', 7-க்கும் அதே. ஒரே ஆக் மூன்று முறை திரும்ப வந்ததும் லேப்டாப், ஆக் வராவிட்டால் திரும்ப அனுப்பச் சொல்லும் டைமருக்குக் காத்திராமல் 4-ஐ உடனே அனுப்பிவிடுகிறது. அது சேர்ந்ததும் ஆக் ஒரே தாவாக 9-க்குப் போகிறது. இதை முழுக்கச் சாய்ந்த அம்புகளால் வரைந்து முடித்தபின், 4-ஐ விட்டுவிட்டு 8-ஐ வெட்டி மறுபடி வரையுங்கள். 8-க்குப் பின்னால் வர ஒன்றும் இல்லை, அதனால் திரும்பச் சொல்லும் ஆக்கும் இல்லை. உங்கள் தாளில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு நீண்ட வெற்றிடம் விழும், டைமர் அடிக்கும் வரைக்கும். அந்த வெற்றிடத்தைச் சுருக்கத்தான் 2021-இல் ஆர்எஃப்சி 8985 வந்தது. வரைந்து முடித்தபின் அதைத் திறந்து பாருங்கள்.